தை பிறக்கட்டும், பிறகு கத்தியை எடுங்கள்

கேள்வி: ஐயா, நாலு வருடத்துக்கு முன் ஒரு நாற்றுமேடையில் வாங்கி நட்ட அத்தி இப்போது எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கிறது. 14 அடி இருக்கும். அடியிலிருந்தே ஆறேழு தண்டு. கிணத்தடி வாய்க்கால் ஓரம் என்பதால் தண்ணீருக்குக் குறைவில்லை, கோழியெருவும் போடுகிறோம். இலை நிறைய, காய் குறைவு. காய்ப்பதும் உச்சியில்தான், அணிலும் வௌவாலும் தின்று போகின்றன. போன கார்த்திகையில் பழுத்த கொஞ்சமும் வெடித்துப் புளித்து விழுந்துவிட்டது. கனடாவில் இருக்கும் அண்ணா, மார்கழியில் ஒட்ட வெட்டு என்கிறார். அங்கே அவர் தொட்டியில் வளர்க்கும் அத்தியை அப்படித்தான் வெட்டுகிறாராம். மாமியோ, பால் மரத்தில் கத்தி வைத்தால் பட்டுப்போகும் என்கிறா. வெட்டலாமா? எப்போது, எவ்வளவு?
– வாசகி, கோண்டாவில்

பதில்: வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். ஆனால் மார்கழியில் வேண்டாம். பொங்கல் முடிந்து, மழை ஓய்ந்து, மண்ணின் மேல்பக்கம் காய்ந்த பிறகு, தை நடுவுக்கும் மாசி முதல் கிழமைக்கும் இடையில் ஒரு நாளைப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. உங்கள் மரத்தின் இலை ஐந்து விரல் விரித்த மாதிரிப் பிளந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா? காய் இலைக்காம்பின் அடியில் ஒன்று இரண்டாகப் பிடிக்கிறதா? அப்படியென்றால் அது சீமை அத்தி. நான் கீழே எழுதுவதெல்லாம் அதற்குத்தான். காய் குலை குலையாக அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் அது நாட்டு அத்தி. அதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது சீமை அத்திதான்.

அண்ணா சொன்னது ரொறொன்ரோவுக்குச் சரியான ஆலோசனை. அங்கே குளிர் இறங்கியதும் அத்தி இலை முழுவதையும் கொட்டிவிட்டு உறங்கிவிடும். உறங்கும் மரத்தில் எந்த நாளில் கத்தி வைத்தாலும் வசந்தம் வரும்வரை அது அசையாது. வெட்டும் நாளுக்கும் துளிர்க்கும் நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி உண்டு. யாழ்ப்பாணத்தில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே போவது அபூர்வம். நம்முடைய அத்தி கொஞ்சம் இலை பழுத்து உதிர்க்கும், அவ்வளவுதான். உறங்காத மரத்தை வெட்டினால் இரண்டு மூன்று கிழமையில் துளிர் தள்ளும். ஆகவே இங்கே வெட்டுகிற நாள்தான் துளிர்க்கிற நாளையும், அதன் வழியாகப் பழுக்கிற நாளையும் தீர்மானிக்கிறது. நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் முந்திரிகைப் (திராட்சை) பந்தல் வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எப்போது குலை வேண்டும் என்று பின்னோக்கி எண்ணித்தான் கொடியில் கத்தி வைப்பார்கள். அத்திக்கும் அதே புத்திதான்.

நாமும் எண்ணிப் பார்ப்போம். வெட்டிய இரண்டு மூன்று கிழமையில் துளிர் வரும். அந்தத் துளிர் நாலைந்து இலை விட்ட பிறகு இலைக்கக்கத்தில் பயறளவில் காய் தெரியத் தொடங்கும். அந்தக் காய் பழுக்க ஏறக்குறைய மூன்று மாதம். எல்லாம் சேர்த்தால் வெட்டிலிருந்து பழம் வரை நாலரை, ஐந்து மாதம். தை கடைசியில் வெட்டினால் ஆனி, ஆடியில் பழம். அப்போது இங்கே மழை இல்லை, சோளகக் காற்று, நல்ல வெயில். அத்திப்பழத்துக்குச் சீனி ஏறுவது அந்த வெயிலில்தான்.

மார்கழியில் வெட்டினால்? நமக்கு வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிகிறது. அந்த ஈரத்தில் வெட்டுக்காயம் காயாது, அழுகல் இறங்கும். வருகிற பிஞ்சுத் துளிரைத் துருநோய் பிடிக்கும். இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை மாரிகாலத்தில் கண்டிருப்பீர்கள், அதுதான். அது கடுமையாகப் பிடித்தால் இலை எல்லாம் கொட்டும், இலை இல்லாத கொப்பில் பிடித்த காயும் பழுக்காமல் சுருங்கும்.

உங்கள் கார்த்திகைப் பழம் ஏன் வெடித்தது என்பதற்கும் விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அது ஆனி, ஆடியில் தானாக எழும்பிய துளிரில் பிடித்த காய். பழுக்கிற நேரத்தில் அடைமழை. வேர் தண்ணீரை ஒரேயடியாக இழுக்கும், பழத்தின் தோலால் அந்த வீக்கத்தைத் தாங்க முடியாது. பிறகு பழத்தின் அடியிலுள்ள சின்னத் துளையான அடிக்கண் வழியாக ஈரமும் பூச்சியும் புகுந்து புளிக்கும். நோய் என்று நினைத்து மருந்து அடித்துக் காசைக் கரைக்க வேண்டாம். இந்தியாவில் பூனா பக்கத்து அத்தித் தோட்டங்களில் இதே சங்கதி வேறு மாதத்தில் நடக்கிறது. அவர்களுக்கு மழை ஆனியிலிருந்து புரட்டாதி வரை. மழைக்காலத்துக் காயைப் புளிப்பு என்று ஒதுக்கிவிட்டு, மழை விடும் நேரத்தில் வெட்டி, கோடைக்குப் பழம் எடுக்கிறார்கள்.

இனி, காய் ஏன் உச்சிக்குப் போயிற்று என்ற கேள்வி. அத்தி பெரும்பாலும் புதிதாக வளர்ந்த தளிரில்தான் காய்க்கும். வெட்டாத மரத்தில் புதுத்தளிர் நுனியில் மட்டுமே வரும், ஏனென்றால் நுனி அரும்பு கீழே உள்ள அரும்புகளை எழும்ப விடாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் காய்ப்பு ஒரு படி மேலே ஏறுகிறது, கீழே வெறுந்தடி மிஞ்சுகிறது. நுனியை எடுத்தால் அதற்குக் கீழே கணுவுக்குக் கணு உறங்கிக் கிடக்கும் அரும்புகள் விழிக்கும். ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று நாலு தளிர், ஒவ்வொன்றிலும் காய். போன வருடத்துக் கொப்பிலும் சில இனங்கள் கொஞ்சம் முன்காய் காய்க்கும். வெட்டும்போது அது போய்விடும், போகட்டும். நாற்றுமேடைகளில் கிடைக்கிற பிரவுன் டர்க்கி, பூனா போன்ற இனங்களுக்குப் புதுத்தளிர்க் காய்தான் பிரதானம்.

எவ்வளவு வெட்டுவது என்பதில் நான் அண்ணாவோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். அத்தி பொறுமையான மரம், முழங்கால் உயரத்துக்குத் தறித்தாலும் துளிர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் நிழலுக்குப் போதிய இலை இல்லாமல் நிற்கும் மரத்தின் பட்டை வெந்துபோகும். வெந்து வெடித்த பட்டைக்குள் தண்டு துளைக்கும் வண்டு முட்டையிடும். அதனால் இரண்டு வருடத்தில் இறக்குங்கள்.

முதல் வருடம் இப்படி. அடியிலிருந்து கிளம்பிய ஆறேழு தண்டில் நாலை வைத்துக்கொள்ளுங்கள். நாலும் நாலு திசைக்குச் சரிந்தவையாக இருந்தால் நல்லது, நடுவில் வெளிச்சம் விழ வேண்டும். மற்றவற்றை நிலமட்டத்தில் அறுத்துவிடுங்கள். வைத்த நாலில் மிக உயர்ந்த இரண்டை உங்கள் நெஞ்சு உயரத்துக்கு, அதாவது ஒரு நாலடிக்கு இறக்குங்கள். மற்ற இரண்டில் மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். அவற்றின் இலை இந்த வருடம் மரத்துக்குச் சோறு போடும், வெட்டிய தண்டுகளுக்குக் கொஞ்சம் நிழலும் தரும். அடுத்த தையில் இவற்றின் முறை. அதற்குப் பிறகு வேலை சுலபம்: ஒவ்வொரு தையிலும், அந்தந்த வருடம் வளர்ந்த தளிரை அடியில் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் போதும். மரம் ஏழெட்டு அடிக்கு மேல் போகாது. ஏணி வேண்டாம், சோளகத்தில் கொப்பு முறியும் பயமும் குறைவு.

பட்ட கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு, மரத்துக்கு உள்ளே திரும்பி வளரும் கொப்பு எதையும் யோசிக்காமல் எடுக்கலாம்.

வெட்டும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சத்தகம் கட்டிய கொக்கைத்தடியால் ஆட்டுக்குக் குழை இழுக்கிற மாதிரி இழுத்தால் பட்டை உரிந்து வரும். விரல் தடிப்புக்கு உட்பட்டதைக் கூரான கத்தரியாலும், அதற்கு மேல் தடித்ததைக் கைவாளாலும் வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த ஓர் அரும்பைத் தெரிந்து, அதற்கு அரை விரலளவு மேலே, தண்ணீர் வழிந்தோடச் சற்றுச் சரிவாக வெட்ட வேண்டும். அரும்புக்கு மேலே நீளமாகக் கட்டை விட்டால் அந்தக் கட்டை காய்ந்து, கீழ்நோக்கி அழுகிக்கொண்டே வரும். நம்மூர் வளவுகளில் மரங்கள் பொந்து விழுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கட்டைகள்தான் என்பது என் எண்ணம்.

மணிக்கட்டுத் தடிப்புள்ள தண்டை ஒரே அறுவையில் அறுக்க வேண்டாம். பாதியில் அதன் பாரமே அதை முறித்து, அடிமரப் பட்டையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு விழும். முதலில் வெட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கொப்பு சுத்தமாக விழுந்துவிடும். மிஞ்சிய கட்டையைப் பிறகு ஆறுதலாக, சரியான இடத்தில் எடுக்கலாம்.

பாலைப் பற்றி மாமி சொன்னதற்கு வருகிறேன். வெட்டினால் பால் வடியும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அது காயத்தை மூடுகிற பசை. கொஞ்ச நேரத்தில் தானாக உறைந்து நின்றுவிடும். மரம் பட்டுப்போகாது. பலாவும் பால் மரம்தான், அதில் கொப்பு வெட்டாத வளவு எது? மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஆனால் வாதாட வேண்டாம். பாலால் ஆபத்து மரத்துக்கு இல்லை, உங்களுக்குத்தான். அத்திப் பால் தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் ஒன்றிரண்டு நாளில் சிவந்து, கொப்புளம் போட்டு, கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பாலில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து செய்கிற வேலை அது. ஆகவே வெயில் சாய்ந்த பிறகு வெட்டுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை போடுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். கத்தரியில் ஒட்டிய பாலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போய்விடும்.

காயத்துக்கு என்ன பூசுவது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். சின்ன வெட்டுகளுக்கு ஒன்றும் வேண்டாம். சாணியும் களிமண்ணும் பூசுவது பழைய வழக்கம். நான் பூசச் சொல்வதில்லை, ஈரத்தைப் பிடித்து வைக்கும். காய்ந்த காலத்தில் திறந்தபடி விட்டாலே ஆறும். ஆனால் நிழல் இழந்த தடித்த தண்டுகளுக்கு, முக்கியமாகப் பின்னேர வெயில் அடிக்கிற பக்கத்துக்கு, சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வெள்ளையாகப் பூசிவிடுங்கள். பட்டை வேகாமல் இருக்க அதைவிட மலிவான வழி கிடையாது. பூசும்போது தண்டைச் சுற்றிப் பாருங்கள். துளை ஏதும் தெரிந்து, கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வளையும் கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் வாய்க்காலும் கோழியெருவும். வெட்டுவதால் மட்டும் காய்த்துவிடாது. கோழியெருவில் தழைச்சத்து அதிகம். அதோடு கிணத்தடித் தண்ணீரும் எந்நேரமும் கிடைத்தால் மரத்துக்கு இலை விடுவதைத் தவிர வேறு நினைப்பே வராது. கடுமையாக வெட்டிய மரத்துக்கு மேலும் கோழியெரு போட்டால் சாட்டை சாட்டையாகத் தளிர் எழும்பும், காய் இருக்காது. இந்த வருடம் கோழியெருவை நிறுத்துங்கள். யூரியாவும் வேண்டாம். வெட்டிய பிறகு, தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டி, நன்றாக உக்கிய மாட்டெரு இரண்டு கடகம் போட்டு, விறகுச் சாம்பல் கொஞ்சம் தூவி, மேலே சருகு பரப்பிவிடுங்கள். வாய்க்காலை மரத்திலிருந்து திருப்பிவிட்டு, துளிர் வந்த பிறகு கிழமைக்கு இரண்டு தரம் அளவாக இறையுங்கள். காய் பருக்கிற வைகாசி, ஆனியில் தண்ணீரை ஒரு கிழமை மறந்துவிட்டு மறுகிழமை குளமாக விட்டால் காய் உதிரும் அல்லது வெடிக்கும். காணொளிகளில் அத்திக்குச் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். அது புளிமண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண், வைத்திருக்கிறவர்களுக்கு. கோண்டாவில் செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். நமக்கு வேண்டாம்.

பங்குனியில் மரத்தை ஒருமுறை பாருங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தாறு தளிர் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். தண்டுக்கு மூன்றை வைத்து மற்றதைக் கையாலேயே ஒடித்துவிடலாம், பிஞ்சில் சுலபமாக வரும். அடியில் எழும்பும் குருத்துகளையும் அப்படியே. வெறுந்தடியாக நிற்கும் நீளக் கொப்பில் தளிர் வர வேண்டுமென்றால் பூனாக்காரர் செய்கிற ஒரு தந்திரம் உண்டு. அரும்புக்குச் சற்று மேலே பட்டையில் சிறு கத்தியால் சரிவாகக் கீறி, நெல்லளவு தடிப்பில் ஒரு சீவல் பட்டையை எடுத்துவிடுவது. மேலிருந்து வருகிற தடை அந்த இடத்தில் அறுபடுவதால் கீழே உள்ள அரும்பு எழும்பும். கொப்புக்கு மூன்று நாலு இடம் போதும். ஆசையில் எல்லாக் கணுவிலும் கீறினால் கொப்பு காற்றுக்கு முறியும்.

ஆவணி, புரட்டாதியில் மரம் மறுபடி அடர்ந்துவிட்டதே என்று கத்தியை எடுக்க வேண்டாம். அப்போது வெட்டினால் பழம் மாரிக்குள் போய் மாட்டும். ஐப்பசியில் முதல் மழை தொடங்கும் முன், இலையின் அடிப்பக்கம் நனைய ஒருமுறை போடோக் கலவை அடித்தால் துருநோய் மட்டுப்படும். 10 லீற்றர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்பு ஆணியை அதில் பிடித்துப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே அடித்து முடியுங்கள். விழுந்து கிடக்கும் துருபிடித்த இலைகளைக் கூட்டி எரித்துவிடுங்கள், அவற்றைக் குழையாகத் தாழ்க்க வேண்டாம்.

அணிலுக்கும் வௌவாலுக்கும் மரம் தாழ்ந்தாலே பாதித் தீர்வு. காய் பருத்து நிறம் மாறத் தொடங்கும்போது துணிவலைப் பையோ கடதாசி உறையோ கட்டிவிடலாம், இப்போது கைக்கு எட்டும். அவசரப்பட்டுப் பறிக்காதீர்கள். மாங்காய் மாதிரி வைக்கோலில் போட்டுப் பழுக்க வைக்கிற சங்கதி அத்தியில் இல்லை, பறித்த பிறகு அது இனிக்காது. காம்பு தளர்ந்து பழம் தலையைத் தொங்கப்போட வேண்டும், தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். காம்பில் பால் கசிந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் விடுங்கள்.

வெட்டிய கொப்புகளில் பென்சில் தடிப்பு முதல் பெருவிரல் தடிப்பு வரை உள்ளவற்றை எறிய வேண்டாம். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பால் உலர ஒரு நாள் நிழலில் வைத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி பையில் நட்டால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். அயலுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது, கிணத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் 15 அடியாவது தள்ளி, மா, பலா நிழல் விழாத இடமாகப் பார்த்து நடச் சொல்லுங்கள். அத்தி வேர் ஈரத்தைத் தேடி எந்தக் கல்லிடுக்கிலும் நுழையும். உங்கள் மரம் கிணத்துக்கு எத்தனை அடியில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கிணத்துக் கட்டில் புது வெடிப்பு ஏதும் தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.